செவலையை ஓடவிட்ட குற்றம்

குதிரைப் பந்தயத்தில் ஜாக்கிகள் செய்யும் தில்லுமுல்லுகளைப் பற்றி ஒரு வார இதழில் அரைப்பக்கம் எழுதியிருந்தேன். பல வருடங்கள் ஆகிவிட்டன. ஓடக்கூடிய குதிரையை ஓடவிடாமல் பிடித்துவைப்பது, புறப்படுகிற நேரத்தில் ஒரு கணம் தூங்கிவிடுவது, சவுக்கைக் குதிரையின் மேல் படாமல் காற்றில் மட்டும் வீசுவது, நேராகப் போகவேண்டிய இடத்தில் ஊரைச் சுற்றிக்கொண்டு போவது என்று நாலைந்து வித்தைகள். பிடிபட்டால் பெரிய மைதானங்களில் அதிகாரிகள் உட்கார்ந்து படம் போட்டுப் பார்த்து விசாரிப்பார்கள், அபராதம் போடுவார்கள், மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் குதிரை ஏறக்கூடாது என்று தடை விதிப்பார்கள். எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. நான் குதிரையில் ஏறியவன் இல்லை. எதிரே கழுதை வந்தால்கூட ரோட்டைக் கடந்து அந்தப் பக்கமாகப் போகிற ரகம்.

அந்த அரைப்பக்கத்தை என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். எழுத்துக்காக இல்லை. பக்கத்தில் அச்சாகியிருந்த குதிரை அவர் குதிரையைப் போலவே இருந்ததாம். கீழே என் பெயர் இருந்த இடத்தைச் சட்டம் மறைத்துவிட்டது. ஆனாலும் வந்தவர்களிடமெல்லாம் "நம்ம மாப்ள எழுதுனதுங்க" என்று சொல்லிச் சொல்லி, கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊர் முழுக்க என்னைக் குதிரை நிபுணன் ஆக்கிவிட்டார். இதனால் ஆபத்து வரும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

எங்கள் அம்மன் கோவில் திருவிழாவில், வேல என்று சொல்வோம், கடைசி நாள் சாயங்காலம் குதிரை ஓட்டம். வாய்க்கால் பாலத்தில் புறப்பட்டு, கடைவீதி வழியாகக் கோவில் கொடிமரம் வரை. நாலு குதிரைகள், நாலு குதிரைக்காரர்கள். குதிரைக்காரர் என்றால் சொந்தக்காரர். ஏறி ஓட்டுகிறவர்கள் வெளியூரிலிருந்து வருகிறவர்கள். ஜெயித்த குதிரையின் சொந்தக்காரருக்கு அடுத்த வருடத்து வேலக் கொடி. அவர்தான் கொடியைக் கையில் ஏந்தி ஊரைச் சுற்றி வருவார். ஊரிலேயே பெரிய மரியாதை அது.

மரியாதையில்தான் கோளாறு. கொடி ஏந்துகிறவர் அதற்கு முன்னால் ஒரு மண்டலம் விரதம் இருக்கவேண்டும். கறி இல்லை, மீன் இல்லை, கள்ளு இல்லை, சவரம் இல்லை, செருப்பு இல்லை. பங்குனி வெயிலில், பாலக்காட்டுத் தார் ரோட்டில். சாயங்காலமானால் பனைமரத்தடியில் உட்கார்ந்து ஒரு குடுவையும் ஒரு தட்டு மீன் வறுவலும் கண்டால்தான் அன்றைய பொழுது முடிந்ததாக நம்புகிற நாலு ஆண்பிள்ளைகளிடம் இந்த மரியாதையைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன ஆகும்?

அதுதான் ஆனது. வருடம் முழுவதும் டீக்கடையில் நாலு பேரும் தங்கள் குதிரையைப் போல ஒரு குதிரை கோயமுத்தூர் வரைக்கும் கிடையாது என்று சத்தம் போடுவார்கள். வேலக்கு முந்தின நாள் நாலு பேரும் தனித்தனியாகத் தங்கள் ஓட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காதில் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள். உலகத்தில் மற்ற இடங்களில் ஜாக்கிகள் குதிரையைப் பிடித்துவைப்பது பின்கதவு வழியாக வரும் காசுக்காக. எங்கள் ஊரில் மீன் வறுவலுக்காக.

ஊருக்கு இது தெரியாமலா இருந்தது? தெரியும். கண்டுகொள்ளாமல் இருக்கிற நாகரிகம் இருந்தது. போன வேலயில் யாரோ செல்போனில் படம் பிடித்து, மேலே ஒரு குத்துப்பாட்டையும் சேர்த்து, வாட்ஸப்பில் விட்டதில் அந்த நாகரிகம் போயிற்று. படத்தில் நாலு குதிரைகளும் வாயைப் பிளந்துகொண்டு, கழுத்தை வளைத்துக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தைப் போல வருகின்றன. ஓட்டுக்காரர்கள் நாலு பேரும் கடிவாள வாரை இழுத்துப் பிடித்துப் பின்னால் சாய்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்து தேங்காய் ஏற்றிய பெட்டி ஆட்டோ ஒன்று வருகிறது. ஹாரன் அடிக்கிறது. ஓரமாக ஒதுங்கி, நாலு குதிரைகளையும் முந்திக்கொண்டு கோவிலுக்குப் போய்ச் சேர்கிறது.

அதற்கப்புறம்தான் கோவிலில் கதினா வேட்டு வெடித்தது. வெடிச் சத்தத்தில் மிரண்ட ஒரு கறுப்புக் குதிரை, மேலே இருந்தவர் எவ்வளவு இழுத்தும் கேட்காமல் கொடிமரத்துக்கு ஓடிவிட்டது. அதன் சொந்தக்காரர் நடுத்தெருவில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஜெயித்தவர் அவர்தான். மாலை போட வந்தவர்கள் முதலில் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டியிருந்தது.

துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் ஊர்க்காரர்கள் கூப்பிட்டுச் சிரித்தார்கள். வேலக் கமிட்டித் தலைவர், ரிட்டயரான வில்லேஜ் ஆபீசர், என் வீட்டுக்கு வந்தார். வாழ்நாள் முழுவதும் மலையாளத்தில் மனு படித்தவர். கோபம் வந்தால் அந்த பாஷைதான் வரும்: விசாரணை அன்வேஷணமாகும், தண்டனை சிக்ஷையாகும், சட்டம் நியமமாகும்.

"ஏனுங்க, அன்வேஷணம் வெக்கோணுமுங்க. குத்தக்காரனுக்கு சிக்ஷை குடுக்கோணும். நியமம் எழுதோணும். அதுக்கு நீங்கதான் ஆளு."

"நானுங்களா? எனக்குக் குதிரையப் பத்தி..."

"உங்க மச்சான் ஊட்டுல கண்ணாடி போட்டு மாட்டியிருக்குதே, நாம் பாத்தனே. அதுவுமில்லாம நீங்க கஞ்சிக்கோட்டு கம்பெனில செய்யறது என்ன வேலைங்க?"

"தரப் பரிசோதனைங்க. போல்ட்டு."

"நல்லதா, நொள்ளையானு பாத்து நொள்ளையத் தூக்கி வீசறீங்கல்ல? அதையேதான் இங்கயும் செய்யோணும்."

போல்ட் திருப்பிப் பேசாது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

மனைவி கதவோரம் நின்று கண்ணால் எச்சரித்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். என்னை யாராவது நிபுணன் என்று சொன்னால் எனக்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சாய்ந்தது.

நியமம் எழுத உட்கார்ந்தேன். முதலில், பிடித்து ஓட்டியது தெரிந்தால் ஓட்டுக்காரருக்கு மூன்று வேலக்குத் தடை என்று எழுதினேன். இது பெரிய மைதானங்களைப் பார்த்து அடித்த காப்பி. பார்வைக்குக் கனமாக இருக்கட்டும் என்று போட்டது. இரண்டாவதுதான் என் சொந்தச் சரக்கு: பிடித்தது தெரிந்தால் கொடி அந்தக் குதிரையின் சொந்தக்காரருக்கே போகும். பிடிக்கச் சொல்கிறவர் சொந்தக்காரர்தானே? விரதத்துக்குப் பயந்து பிடிக்கச் சொன்னால் விரதமே வந்து சேரும். அடுத்த வருடத்திலிருந்து நாலு குதிரைகளும் பறக்கும் என்று கணக்குப் போட்டேன். எழுதி முடித்து நானே இரண்டு தரம் படித்து ரசித்தேன்.

கமிட்டியில் அது ஒரு நிமிடத்தில் பாஸானது. முதலில் கையைத் தூக்கியவர் கறுப்புக் குதிரைக்காரர். கொடி தன்னை விட்டு இன்னொருவருக்குப் போக வழி பிறந்ததே என்று இரண்டு கையையும் தூக்கினார். மற்ற இரண்டு குதிரைக்காரர்களும் தூக்கினார்கள். அவர்கள் மூன்று பேரும் கமிட்டியில் இருந்தவர்கள். நாலாவது குதிரைக்காரரான என் மச்சான் மட்டும்தான் இல்லை. எவனோ வரவு செலவுக் கணக்குக் கேட்டான் என்று போன வருடம் சண்டை போட்டு விலகியிருந்தார். ஆக, யார் பிடித்தார்கள் என்று விசாரிக்கக் கமிட்டி உட்கார்ந்தபோது, நாலு குதிரைகளில் ஒன்றுதான் சந்தேகத்துக்கு உரியது என்பது தானாகவே விளங்கிற்று.

அந்தக் குதிரை செவலை. செம்மண் நிறம், நீளமான கால். கடைசியாக வந்தது. அதுதான் நாலில் வேகமான குதிரை என்பது ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

அதை ஓட்டியவர் மூணாற்றுக்காரர். எஸ்டேட்டில் பிறந்தவர், அப்பா அம்மா கொழுந்துக் கூடை சுமந்தவர்கள். வாலிபத்தில் மலைமேல் ஒரு பந்தய மைதானத்துக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். ஜாக்கி ஆகியிருக்கவேண்டியவர், ஜாக்கிக்கு ஆகாத உயரத்துக்கு மளமளவென்று வளர்ந்து தொலைத்துவிட்டார். இப்போது மூணாற்றில் ஏரிக்கரையில் ஒரு மட்டக்குதிரை வைத்துக்கொண்டு டூரிஸ்டுகளை ஏற்றி, கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவது தொழில். வருடத்துக்கு ஒருமுறை உடுமலை வழியாக பஸ் பிடித்து வேலக்கு வந்துவிடுவார். வாய் ஓயாது. தன்னைப் போல் ஒரு குதிரையேற்றக்காரன் கேரளத்திலேயே இல்லை என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாருக்காவது சொல்லாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

விசாரணைக்கு அவரை வரவழைத்தோம். கோவில் மண்டபத்தில் டி.வி. கொண்டுவந்து வைத்து, குத்துப்பாட்டை அடக்கிவிட்டுப் படத்தைப் போட்டார்கள். தலைவர் ஓரிடத்தில் நிறுத்தினார். திரையில் மூணாற்றுக்காரர், ஆழமான கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி சாய்ந்து கிடந்தார்.

"இந்த எடத்துல என்னுங்க பண்றீங்க?"

"ஆறுதல் சொல்லுதேன் சார்."

"ஆருக்கு?"

"குதிரைக்கு. ஆட்டோ முந்திட்டுப் போச்சுல்லா? அதுக்கு மனசு சங்கடப்படும்லா?"

மண்டபம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "வாரை ஏனுங்க இப்புடி இழுக்கறீங்க?"

"இழுக்கல சார். அது முன்னால போவுது, நான் இருந்த எடத்துல இருக்கேன். பாக்கதுக்கு இழுத்த மாதிரி தெரியும்."

எனக்கு எரிச்சல் வந்தது. நிபுணன் அல்லவா? "பெரிய மைதானத்துல இதுக்குப் பேரே வேற. அங்கே இருந்தவருக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியும் சார். அங்க கேமரா நாலு பக்கம் இருக்கும், அதிகாரிமாருக்குக் குதிரை கெடையாது. இங்க கேமரா ஒண்ணு, அதிகாரிமாருக்கெல்லாம் குதிரை இருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்."

இதைக் கேட்டு மூன்று குதிரைக்காரர்களும் ஒரே நேரத்தில் டீ வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தார்கள்.

மற்ற மூன்று ஓட்டுக்காரர்களும் அதற்குள் அம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டிருந்தார்கள். கேட்பதற்கு முன்னாலேயே செய்தார்கள். ஒருவர் இரண்டு தரம் செய்தார். மூணாற்றுக்காரரிடமும் தட்டை நீட்டியபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் வேதக்காரன் சார். இதுல பொய் சொன்னா எங்க சாமி கேக்காது, உங்க அம்மனும் வெளியாளுன்னு விட்டுரும். நடுவுல போய்த் தொங்கும். வேண்டாமே?"

இவ்வளவு யோக்கியமான வாக்குமூலத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கமிட்டிக்கு அது வாக்குமூலமாகவே படவில்லை. சத்தியம் நடக்காத இடத்தில் ஒற்றை ஓட்டம் வைப்பது பழைய வழக்கம் என்று தலைவர் எழுந்து நின்று அறிவித்தார். சந்தேகத்துக்கு ஆளான ஓட்டுக்காரர் அதே குதிரையில், அதே தெருவில், தனியாக ஓட்டிக் காட்டவேண்டும். அன்றைக்கு வந்த அதே வேகத்தில் வந்தால் குதிரைக்கு அவ்வளவுதான் கால் என்று அர்த்தம், ஓட்டுக்காரர் நிரபராதி. வேகமாக வந்தால் அன்றைக்குப் பிடித்திருக்கிறார், குற்றவாளி.

நான் கையைத் தூக்கினேன். "தலைவருங்களே, மறுபடியும் பிடிச்சு ஓட்டினா நிரபராதி ஆயிடுவாரே?"

"அம்மன் வாசல்ல ஆருங்க புடிப்பாங்க?"

"அன்னிக்குப் பந்தயமும் அம்மன் வாசல்லதானே நடந்துச்சு?"

தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். படித்தவனுக்கு நம்பிக்கை இல்லை என்கிற பார்வை. டீ வந்துவிட்டது. தீர்மானம் ஆகிவிட்டது. நிரபராதி என்று காட்ட ஒருவர் தப்புச் செய்யவேண்டும், ஒழுங்காகச் செய்தால் தண்டனை என்கிற ஒரு சோதனையை வைத்துக்கொண்டு, ஏலக்காய் டீயை உறிஞ்சிக்கொண்டு எல்லோரும் நிம்மதியாக எழுந்து போனார்கள். கம்பெனியில் இப்படி ஒரு பரிசோதனை வைத்தால் அன்று மாலையே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மத்தியானம் மச்சான் வீட்டில் எனக்கும் மூணாற்றுக்காரருக்கும் சாப்பாடு. போகாமலிருந்தால் இன்னும் மோசம். மனைவி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள்.

"கூடப் பொறந்த அண்ணனைக் கொண்டுபோயி விரதத்துல தள்ளிப்போட்டு, அதே ஊட்டுல வந்து கை நனைக்கறீங்க. நல்லா நனைங்க," என்று இலையில் மீனை வைத்தாள். மீன் விழுந்த வேகத்தில் குழம்பு என் சட்டைக்கு வந்தது.

மச்சான் என்னிடம் கோபிக்கவில்லை. அவர் ஆறடி உயரம், பெரிய மீசை, அன்றைக்குச் சுருங்கிப்போயிருந்தார். "மாப்ள, ஒரு மண்டலமுங்க. கள்ளு இல்லாமக்கூட இருந்துருவனாட்ட இருக்குது. செருப்பில்லாம இந்த ரோட்டுல நடக்கோணும்னா, என்ர பாதம் என்னத்துக்குங்க ஆகும்?" என்றவர் மூணாற்றுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏப்பா, இன்னொருக்கா புடிச்சிரு. உனக்கும் தடையில்ல, எனக்கும் கொடியில்ல. கறுப்புக் குதிரைக்காரன் ஜெயிச்சான், அவனே வெரதம் இருந்துட்டுப் போறான்."

மூணாற்றுக்காரர் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு இலையை மூடினார்.

"மொதலாளி, மொத வருசம் என்ன சொன்னீங்க? இந்த ஒரு வாட்டி புடி, அடுத்த வருசம் விட்டுருன்னீங்க."

"சொன்னேன்."

"அடுத்த வருசமும் அதத்தான் சொன்னீங்க."

"அதையும்தான் சொன்னேன், அதுக்கென்ன இப்ப?"

"அங்கன வருசம் பூரா மட்டக்குதிரக் கயித்தப் புடிச்சிட்டு நடக்கேன். மேல ஒக்காந்திருக்கவங்க ஃபோட்டோ எடுத்து முடியிற வரைக்கும் நிக்கணும். இங்கன வந்தா ஓடுத குதிரை. இது மேல ஏறி ஒக்காந்தா கைக்குத் தெரியுது மொதலாளி, விட்டா எங்க போவும்னு. அதையும் வந்து புடிச்சுக்கிட்டே நிக்கணும்னா, பஸ் ஏறி எதுக்கு வாரேன்? கையி ரெண்டும் காச்சுப்போச்சு." கையைக் காட்டினார். உள்ளங்கையில் வார் அழுந்திய தழும்பு.

"விட்டீன்னா மூணு வேலக்கு இந்தத் தெருவுல நீ கால் வெக்க முடியாது," என்றார் மச்சான். "நாஞ் சொல்லலப்பா. மாப்ள எழுதுனது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மீன் முள்ளைப் பார்த்தேன்.

"தெரியும்," என்றார் மூணாற்றுக்காரர். எழுந்து கை கழுவிவிட்டு, செவலை கட்டியிருந்த கொட்டகைக்குப் போனார். விடுவதாகவும் சொல்லவில்லை, பிடிப்பதாகவும் சொல்லவில்லை. மச்சான் மூன்றாவது தடவை மீன் கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று சாப்பிட்டு வைக்கிறார் போலிருந்தது.

மறுநாள் காலை கடைவீதியில் வேலக்கு வந்ததைவிட அதிகக் கூட்டம். பந்தயத்தை யாரும் இவ்வளவு ஆவலாகப் பார்த்ததில்லை. நாலு குதிரைகள் மெதுவாக வருவதைப் பார்க்க யாருக்கு ஆவல் வரும்? பெட்டி ஆட்டோக்காரரும் வந்திருந்தார். அவருக்கு இப்போது ஊரில் தனி மதிப்பு. கொடிமரத்தடியில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். வேகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியது நான். பக்கத்தில் மச்சான், தோளில் துண்டு, காலில் புதுச் செருப்பு.

பாலத்தில் யாரோ துண்டை வீசினார்கள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. தெருக்கோடியில் கொஞ்சம் தூசி. சரி, பிடித்துவிட்டார், எல்லோரும் தப்பித்தோம் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் சத்தம் வந்தது. குளம்புச் சத்தம் என்று அந்த அரைப்பக்கத்தில் நானும் எழுதியிருக்கிறேன். அது நாற்காலிக் கால் வழியாக ஏறி வயிற்றுக்குள் வரும் என்பது தெரியாமலே எழுதியிருக்கிறேன். செவலை கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது. மேலே ஆள் இருப்பதே தெரியவில்லை. கழுத்தோடு கழுத்தாகப் படுத்திருந்தார். சவுக்கு இல்லை, வாரில் இழுப்பு இல்லை. கடைகளுக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வாயை மூட மறந்துபோனார்கள்.

என் பக்கத்திலிருந்து ஒரு அலறல். "விடு! விடுடா! அப்புடித்தான், விடு!" மச்சான்தான். நாற்காலி மேல் ஏறி நின்று, துண்டைச் சுழற்றி, ஒரு செருப்பைக் கூட்டத்துக்குள் பறக்கவிட்டு, "என்ர குதிரைங்க! பாருங்க, என்ர குதிரைங்க அது!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு மண்டலமும் கள்ளும் மீனும் அவருக்கு மறந்தே போய்விட்டன.

செவலை கொடிமரத்தைத் தாண்டிற்று. நிற்கவில்லை. கோவில் மதிலைச் சுற்றி, பனந்தோப்புப் பாதையில் இறங்கி, நெல்லியாம்பதி மலை இருக்கிற திசையில் போய்க்கொண்டே இருந்தது. குதிரையோடு ஓடிப்போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெகுநேரம் கழித்துத் திரும்பினார்கள், இருவரும் நடந்து. குதிரை நுரை தள்ளியிருந்தது. அவர் கயிற்றைக்கூடப் பிடிக்கவில்லை; அது அவர் பின்னால் தானாகவே வந்தது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பை வர்ணிக்கும் தகுதி எனக்கு இல்லை. அன்றைக்கு நான் நீதிபதி.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சொல்லுங்க. வேகமா வந்துச்சா இல்லீங்களா?"

"வந்தது. ஆனா..."

"அப்ப புடிச்சது தெளிஞ்சுபோச்சு. சிக்ஷை உண்டு."

"தலைவருங்களே, இப்ப அவர் பிடிக்கவே இல்லையே. குதிரையை விடணும்னுதானே இவ்வளவும் செஞ்சோம்? விட்டவருக்குத் தண்டனை, மறுபடியும் பிடிச்சிருந்தா மாலையா?"

"நாங்களாங்க எழுதுனோம்? நியமம் உங்களது."

"அந்த முதல் பகுதியை எடுத்துடலாம். மாத்தி எழுதறேன்."

"பாஸானது பாஸானதுதானுங்க. அடுத்த பொதுக்கூட்டத்துல வேணா எழுத்துல ஒரு மனு குடுங்க," என்றார் தலைவர். முப்பது வருட சர்வீஸ் அந்தக் குரலில் இருந்தது. கறுப்புக் குதிரைக்காரர் எனக்குக் கைகொடுத்து, ரொம்ப நியாயமான நியமம் என்று பாராட்டினார். அவருடைய ஓட்டுக்காரர், கற்பூரத்தில் இரண்டு தரம் சத்தியம் செய்தவர், அடுத்த வேலக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பிடித்த நாலு பேரில் மூன்று பேருக்கு ஒரு சேதாரமும் இல்லை. ஒரே ஒரு தடவை விட்டவருக்கு மூன்று வேல.

மச்சானுக்கு அந்த இடத்திலேயே மாலை விழுந்தது. மாலையோடு விரதமும் நினைவுக்கு வந்து முகம் மாறியது; ஆனாலும் ஆளுயரத்துக்கு நிமிர்ந்தே நின்றார். போன செருப்பைத் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூணாற்றுக்காரரை பஸ் ஏற்றிவிட அவரே போனார். என்னைக் கூப்பிடவில்லை.

மனு கொடுத்தேன். பொதுக்கூட்டத்தில் அதைப் படிப்பதற்குள் மைக் செட்டுக்காரரைப் பற்றி வாக்குவாதம் வந்து கூட்டம் கலைந்துவிட்டது. மறுபடியும் கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறது. மச்சான் இப்போது சாயங்காலம் தவறாமல் பனைமரத்தடியில் இருக்கிறார்; விரதம் தொடங்குவதற்குள் ஒரு மண்டலத்துக்கு வேண்டியதைச் சேமித்துக்கொள்வது அவர் திட்டம். அடுத்த வேலக்கு செவலைமேல் யார் ஏறுவது என்று கேட்டால், "ஆரும் ஏற வேண்டாமுங்க மாப்ள. அவன் வர்ற வரைக்கும் அது கொட்டகைல நிக்கட்டும்," என்கிறார். டீக்கடையில் குதிரைப் பெருமை பேசுவதையும் விட்டுவிட்டார். எல்லோரும் பார்த்தாயிற்றே.

பள்ளி லீவில் மூணாறு போகவேண்டும் என்று மனைவி சொன்னபோது எதற்கென்று எனக்குத் தெரியும். ஏரிக்கரையில் வரிசையாக நின்ற மட்டக்குதிரைகளுக்கு நடுவே நேராக அவரிடம் கூட்டிப்போய் நிறுத்தினாள். பிளாஸ்டிக் பூ கட்டிய ஒரு வெள்ளைக் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் ஒரு சலாம் போட்டார்.

"வாங்க நீதிபதி சார்! அக்கா, சௌக்கியமா? செவலை நல்லா இருக்கா?"

"இருக்குதுங்க. இவரை ஒரு ரவுண்டு ஏத்திக் கூட்டிட்டுப் போங்க, நாம் ஃபோட்டோ எடுக்கோணும்," என்றாள் மனைவி.

மறுத்துப் பார்த்தேன். வயது, இடுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். "குதிரையப் பத்திக் கட்டுரையே எழுதுனவரு," என்றாள். அதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது? அவர் என்னைத் தூக்கி மேலே வைத்தார். தரை இவ்வளவு கீழே இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை. மட்டக்குதிரை என்கிறார்கள். கீழே நிற்கிறவர்கள் வைத்த பெயராக இருக்கவேண்டும்.

கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்லலாமென்று, மனு பரிசீலனையில் இருப்பதை ஆரம்பித்தேன். "விடுங்க சார், அன்னைக்கு நான் போன போக்குக்கு மூணு வருசம் போதாது, ஆறு போட்டிருக்கணும்," என்று சிரித்தார். கரைப் பாதை சரிவாக இறங்குகிற இடம் வந்தது. எதிர்ப்பக்கம் புல்லை மேய்ந்துகொண்டிருந்த இன்னொரு குதிரை கனைத்தது. என் வெள்ளைக் குதிரை காதை நிமிர்த்திற்று. நடை, குதிநடையாக மாறியது. சேணம் என்னை மேலே தூக்கிப் போட்டு, நான் இறங்கும்போது அங்கே இல்லாமல் போயிற்று. நான் இரண்டு கையாலும் பிடரி மயிரையும் பிளாஸ்டிக் பூவையும் பற்றிக்கொண்டேன்.

"பிடிங்க!" என்று கத்தினேன். "ஏங்க, பிடிங்க! குதிரையைப் பிடிங்க!"

அவர் கயிற்றைத் தளர விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிதானமாக ஓடி வந்தார். மூச்சுகூட வாங்கவில்லை.

"எழுத்துல குடுங்க சார்," என்றார்.